மூன்று நிமிட செஸ்: வேக ஆட்டத்தில் வெல்ல நடைமுறை வழிகள்

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஆட்டக்காரர் ஒருவருக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும் ஆட்டம் பிளிட்ஸ் எனப்படும். பத்து நிமிடத்துக்கு மேலும் அறுபது நிமிடத்துக்குள்ளும் அமைவது ரேபிட். ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடிகள் கூடுதலாகச் சேரும் ஆட்டங்களில், அந்த விநாடிகளை 60 நகர்வுகளுக்குக் கணக்கிட்டு அடிப்படை நேரத்தோடு கூட்டிப் பார்ப்பது வழக்கம். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் பின்பற்றப்படும் 3+2 முறையில் தொடக்க நேரம் மூன்று நிமிடம், நகர்வுக்குக் கூடுதல் இரண்டு விநாடி என்பதால், அது ஐந்து நிமிட ஆட்டமாகவே கொள்ளப்படுகிறது. இணையத்தில் 3+0, 5+0 ஆகியவையும் புல்லட் எனப்படும் ஒரு நிமிட ஆட்டமும் அதிகம் ஆடப்படுகின்றன. கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் மூன்று நிமிட, ஐந்து நிமிட ஆட்டங்களுக்கானவை.

வேக ஆட்டத்தில் அடிக்கடி தோற்பவர், தம் கை மெதுவானது என்றோ வயதாகிவிட்டது என்றோ காரணம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் நேரத்தைத் தின்பது கை நகரும் வேகமன்று. ஆட்டத்துக்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டிய முடிவுகளைக் கடிகாரம் ஓடத் தொடங்கிய பின் எடுக்க முயல்வதுதான் நேரத்தைக் கரைக்கிறது. 2017 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உலக ரேபிட் சாம்பியன்ஷிப்பை விஸ்வநாதன் ஆனந்த் வென்றபோது அவருக்கு வயது 48. மாக்னஸ் கார்ல்சன் உட்பட, தம்மைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர்கள் பலரை அவர் முந்தினார். சிறுவனாக இருந்தபோது சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில் அவர் ஆடிப் பழகிய பிளிட்ஸில், வென்றவர் இருக்கையிலேயே அமர்ந்திருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். அப்படி எண்ணற்ற ஆட்டங்களை ஆடியவருக்குப் புதிதாக யோசிக்க வேண்டிய நிலைகள் குறைந்துவிடுகின்றன. அந்த அனுபவத்தை ஒரே நாளில் பெற முடியாது என்றாலும், எந்தெந்த முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம் என்பதை இன்றே தெரிந்துகொள்ளலாம்.

நேரத்தைப் பங்கிடுதல்

ஓர் ஆட்டம் நாற்பது நகர்வுகள் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 3+0-இல் ஒரு நகர்வுக்கு நாலரை விநாடி கிடைக்கிறது. 5+0-இல் அது ஏழரை விநாடி, 3+2-இல் ஆறரை விநாடி, ஒரு நிமிடப் புல்லட்டில் ஒன்றரை விநாடி. இந்தச் சராசரியை அறிந்திருப்பது நல்லதுதான். ஆனால் எல்லா நகர்வுகளுக்கும் சரிசமமாகச் செலவிட்டால், யோசிக்கத் தேவையில்லாத இடத்தில் நேரம் வீணாகி, யோசித்தே தீர வேண்டிய இடத்தில் பற்றாக்குறை வரும். 3+0 ஆட்டத்தில் பத்தாவது நகர்வு முடியும்போது 2:35-க்குக் குறையாமலும், இருபதாவது நகர்வில் ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாமலும், முப்பதாவது நகர்வில் ஐம்பது விநாடியாவது கையில் இருக்கும்படியும் ஆடுவது ஒரு நடுத்தர ஆட்டக்காரருக்கு எட்டக்கூடிய இலக்கு. ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தைப் பார்ப்பது கவனத்தைச் சிதறடிக்கும். எதிராளி யோசிக்கும்போது அவ்வப்போது இரு கடிகாரங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.

அப்படியானால் சேமித்த நேரத்தை எங்கே செலவிடுவது? பெரும்பாலான ஆட்டங்களில் மூன்று அல்லது நான்கு இடங்களில்தான் முடிவு திசை மாறுகிறது. இரு தரப்புச் சிப்பாய்களோ காய்களோ ஒன்றையொன்று வெட்டக்கூடிய நிலையில் மோதி நிற்கும் இடம் அவற்றில் ஒன்று. எதிராளி ஒரு காயை இலவசமாகக் கொடுப்பது போலத் தோன்றும் இடமும், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களை நகர்த்த நேரும் இடமும் அப்படிப்பட்டவை. எல்லாவற்றையும்விடப் பெரியது, கடைசியாக எஞ்சியிருக்கும் பெரிய காய்களைப் பரிமாறிக்கொண்டு வெறும் சிப்பாய் ஆட்டத்துக்குள் நுழையும் இடம். ஏனெனில் அதற்குப் பின் தவற்றைத் திருத்திக்கொள்ள வழியே இருக்காது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம் நீண்ட நேர ஆட்டம்தான் என்றாலும், வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங் லிரன் தம் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து பரிமாற்றத்துக்கு வழிவிட்டதும், குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு பிஷப்பையும் மாற்றிக்கொள்ளும்படி நெருக்கியதும், மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் வெள்ளைக்குத் தோல்வியாக முடிந்ததும் இதற்குத் தக்க சான்று. மூன்று நிமிட ஆட்டத்திலும் இத்தகைய ஓர் இடத்தில் பதினைந்து விநாடி செலவிடுவது சிக்கனமே.

மாறாக, இரண்டு நகர்வுகள் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நல்லவையாகத் தோன்றும் இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்குவதில் பயனே இல்லை. முதலில் தோன்றியது பாதுகாப்பானது என்றால் அதையே ஆடிவிட வேண்டும். யானையை டி1-இல் வைப்பதா இ1-இல் வைப்பதா என்ற கேள்விக்கு இருபது விநாடி கொடுத்தவர், பின்னால் மேட் வரும்போது அதைப் பார்க்க இரண்டு விநாடிகூட இல்லாமல் நிற்பார்.

எதிராளியின் நேரமும் நம் நேரமே. அவர் யோசிக்கும்போது அவர் ஆடக்கூடிய நகர்வுகளில் மிகவும் சாத்தியமான இரண்டை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தால், நம் முறை வரும்போது வேலை பாதி முடிந்திருக்கும். ஆனால் அவர் ஆடியது நாம் ஊகித்ததுதானா என்று உறுதிசெய்துகொள்ளாமல் பதிலை ஆடிவிடக் கூடாது. வேக ஆட்டத்தில் ராணிகள் பறிபோவதற்கு இந்த அவசரமே முக்கியக் காரணம்.

தொடக்க ஆட்டம்

பத்து நகர்வுகளை யோசிக்காமல் ஆடும் அளவுக்கு ஒரே ஒரு தொடக்கத்தைப் பழகிக்கொள்வது, பல தொடக்கங்களை அரைகுறையாகத் தெரிந்திருப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும். வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் பிளிட்ஸில் பரவலாக ஆடப்படுவதற்குக் காரணம், கறுப்பு எப்படி ஆடினாலும் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் கட்ட முடிவதுதான்: சிப்பாய் டி4, பிஷப் எஃப்4, சிப்பாய் இ3, குதிரை எஃப்3, சிப்பாய் சி3, மற்றொரு பிஷப் டி3. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டே. கறுப்பு ராணி பி6-க்கு வந்து பி2 சிப்பாயைத் தாக்குவது ஒன்று, கறுப்புக் குதிரை எச்5-க்கு வந்து எஃப்4-இல் உள்ள பிஷப்பைத் துரத்துவது மற்றொன்று. கறுப்புக்கு, வெள்ளை இ4 ஆடினால் காரோ-கான், டி4 ஆடினால் ஸ்லாவ் என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் சி6, டி5 என்ற ஒரே சிப்பாய் வரிசை அமைவதால் நினைவில் வைக்க வேண்டியது பாதியாகக் குறைகிறது.

இருந்தாலும், பழகிய தொடக்கத்தில் கை தானாக ஓடுவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காரோ-கானில் வெள்ளை இ4, கறுப்பு சி6. வெள்ளை டி4, கறுப்பு டி5. வெள்ளைக் குதிரை சி3-க்கு வர, கறுப்புச் சிப்பாய் இ4-ஐ வெட்டுகிறது. அதைக் குதிரை திருப்பி வெட்டுகிறது. கறுப்பு தன் பி8 குதிரையை டி7-இல் வைக்கிறது. இதுவரை எல்லாம் வழக்கமானவை. இப்போது வெள்ளை தன் ராணியை இ2-இல் வைக்கிறது. தன் பிஷப்பின் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும் விகாரமான நகர்வு போல இது தோன்றும். கறுப்பு வழக்கப்படி மற்றொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால், வெள்ளைக் குதிரை டி6-க்குப் பாய்ந்து செக்மேட் செய்துவிடுகிறது. குதிரையை வெட்டக்கூடிய இ7 சிப்பாய், ராணியின் நேர்க்கோட்டில் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு கிடப்பதால் அசைய முடியாது. ராஜாவைச் சுற்றி அதன் சொந்தக் காய்களே அடைத்து நிற்கின்றன. ஆறே நகர்வில் முடிந்துவிடும் இந்த ஆட்டத்தில் கறுப்பு தோற்பது அறியாமையால் அன்று, ராணி ஏன் இ2-க்கு வந்தது என்று ஒரு விநாடி நிற்காததால். எதிராளி விசித்திரமான நகர்வு ஒன்றை ஆடினால், பழகிய தொடக்கமாக இருந்தாலும் அங்கே கையை நிறுத்த வேண்டும்.

கேம்பிட் எனப்படும், சிப்பாயைக் கொடுத்துத் தாக்கும் தொடக்கங்கள் நீண்ட ஆட்டத்தைவிட பிளிட்ஸில் அதிகம் பலிக்கின்றன. சரியான தற்காப்பை வீட்டில் படிக்காதவர் அதைச் சில விநாடிகளில் கண்டுபிடித்தாக வேண்டியிருப்பதே காரணம். ஸ்டாஃபோர்ட் கேம்பிட்டை எடுத்துக்கொள்ளலாம். இ4, இ5, வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6, வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்ட, கறுப்பின் மற்றொரு குதிரை சி6-க்கு வருகிறது, அதையும் வெள்ளை வெட்ட, டி7 சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. வெள்ளை டி3 ஆடி, கறுப்பு பிஷப்பை சி5-இல் வைத்தபின், எஃப்6 குதிரையை முடக்கலாம் என்று வெள்ளை தன் பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுபோனால் கதை முடிந்தது. கறுப்புக் குதிரை ராணியைப் பொருட்படுத்தாமல் இ4 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை டி8-இல் ராணியை வெட்டினால், பிஷப் எஃப்2-ஐ வெட்டி செக், ராஜா இ2-க்கு வருவது தவிர வழியில்லை, அடுத்த பிஷப் ஜி4-இல் மேட். ராணியை விட்டுவிட்டு இ4 குதிரையை வெட்டினாலும், எஃப்2-இல் பிஷப் கொடுக்கும் செக் வெள்ளை ராணியைப் பறித்துவிடுகிறது. ஆனால் ஜி5-க்குப் பதிலாக பிஷப்பை இ2-இல் அமைதியாக வைக்கத் தெரிந்தவரிடம் கறுப்புக்கு மிஞ்சுவது ஒரு சிப்பாய் நட்டம் மட்டுமே. ஆகவே இப்படிப்பட்ட தொடக்கம் ஒன்றை மட்டும் ஆழமாகப் படித்து வைத்து, எதிராளியைப் பொறுத்துப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. பொறிகளை மட்டுமே நம்பி ஆடுபவர் ஓர் எல்லைக்கு மேல் வளர்வதில்லை.

நகர்த்தும் முன்

எதிராளி காயை வைத்தவுடன் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, அது விட்டுவந்த கட்டத்தின் வழியாக வேறு எந்தக் காய்க்குப் பாதை திறந்திருக்கிறது. முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவதைத்தான் வேக ஆட்டத்தில் தவறவிடுகிறார்கள். அதன்பின் நம் நகர்வைத் தேடும்போது செக், வெட்டு, மிரட்டல் என்ற வரிசையில் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். செக்குக்கு எதிராளி கட்டாயம் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், கணக்கிட வேண்டிய கிளைகள் அங்கேதான் மிகக் குறைவு.

இதைவிட எளிய தற்காப்பு, கணக்கிட வேண்டிய தேவையே எழாதபடி காய்களை வைப்பது. வேறு காயின் காவல் இல்லாமல் தனித்து நிற்கும் குதிரையோ பிஷப்போ எதிராளியின் ராணிக்கு இலக்கு. ஒரு செக்கோடு சேர்த்து அதைத் தாக்கினால் காய் போய்விடும். ஆகையால் வேறு நல்ல நகர்வு தோன்றாத நேரத்தில், காவலற்ற காய்க்குக் காவல் வைப்பது எப்போதும் தவறாகாது. கேஸ்லிங் செய்த ராஜாவுக்குக் கடைசி வரிசை மேட்டிலிருந்து தப்ப எச்2 சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி வழி வைப்பதும் அப்படித்தான். இருபதாவது நகர்வில் அதற்குச் செலவிடும் இரண்டு விநாடி, முப்பத்தைந்தாவது நகர்வில் ஒவ்வொரு முறையும் கடைசி வரிசையைச் சரிபார்க்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

முன்னிலையிலும் பின்னடைவிலும்

காய்க் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் ராணிகளைப் பரிமாறிக்கொள்வது நல்லது. ராணி போன பலகையில் திடீர் மேட் வரும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. பின்தங்கியவர் இதற்கு நேர்மாறாக ராணியைக் காப்பாற்றிக்கொண்டு, எதிராளியின் ராஜாவுக்கு அருகில் குதிரையைக் கொண்டுசெல்ல வேண்டும். குதிரையின் பாய்ச்சல்களைக் கணக்கிடுவது மனிதக் கண்ணுக்கு நேர்க்கோட்டுக் காய்களைவிடக் கடினம் என்பதால், நேர நெருக்கடியில் குதிரைக்குப் பலியாகிறவர்கள் அதிகம். காய்க் கணக்கில் சமமாக இருந்து நேரத்தில் மட்டும் முன்னிலை என்றால், மோதல்களைத் தீர்த்துவிடாமல் நீட்டிக்க வேண்டும். ஒவ்வொரு நகர்விலும் எதிராளி வெட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்போது அவருடைய விநாடிகள் வேகமாகக் கரையும்.

சமனாக முடியப்போகிறது என்று தோன்றும் ஆட்டத்தையும் கைவிட வேண்டியதில்லை. 2022 மே மாதம் இணையவழியே நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் ரேபிட் போட்டியில், பதினாறு வயதான பிரக்ஞானந்தாவுக்கு எதிரான ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, கார்ல்சன் தம் 40-ஆவது நகர்வில் குதிரையைத் தவறான இடத்தில் வைத்துத் தோற்றார். அன்றைய உலக சாம்பியனுக்கே நேர்ந்தது, நமக்கு எதிரில் இருப்பவருக்கு நேராதா?

இறுதிக்கட்டம்

இறுதிக்கட்டத்தின் சில நுட்பங்களைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். தனித்த ராஜாவை ராணியும் ராஜாவும் சேர்ந்து மேட் செய்ய, சரியாக ஆடினால் அதிகபட்சம் பத்து நகர்வுகள் போதும். யானையும் ராஜாவும் என்றால் பதினாறு. ராணியைக் கொண்டு செய்வதற்கு யோசிக்கவே வேண்டாத ஒரு வழி இருக்கிறது. எதிராளி ராஜாவிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை வைத்து, ராஜா எந்தத் திசையில் ஒரு கட்டம் நகர்கிறதோ அதே திசையில் ராணியையும் நகர்த்திக்கொண்டே போனால், அது தானாகவே ஓரத்துக்குத் தள்ளப்படும். ராஜா ஏ8 போன்ற மூலைக்குள் நுழைந்தவுடன் இந்த நகலெடுப்பை நிறுத்திவிட வேண்டும். அங்கும் தொடர்ந்து ராணியை சி7-க்கோ பி6-க்கோ கொண்டுவந்தால், செக் இல்லாமலே ராஜா நகர வழியற்றுப்போகும் ஸ்டேல்மேட் ஆகி, வென்ற ஆட்டம் டிராவில் முடியும். டி7-இல் ராணியை நிறுத்திவிட்டால் கறுப்பு ராஜா ஏ8, பி8 கட்டங்களுக்கிடையே அலைந்துகொண்டிருக்கும். அதற்குள் நம் ராஜாவை அருகே அழைத்து வந்து மேட் செய்யலாம். இரண்டு யானைகளைக் கொண்டு வரிசை வரிசையாக ராஜாவைத் தள்ளும் முறை இன்னும் எளிது. ஆகவே பத்து விநாடிகளே மிச்சமிருக்கும்போது ஒற்றை யானையை வைத்து மேட் செய்ய முனைவதைவிட, சிப்பாய் இருந்தால் அதை ராணியாக்கிக்கொள்வது பாதுகாப்பானது.

ஓடும் சிப்பாயை எதிராளியின் ராஜா பிடிக்குமா என்று ஒவ்வோர் அடியாக எண்ண வேண்டியதில்லை. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசி வரிசை வரை ஒரு பக்கமாகக் கொண்டு ஒரு சதுரத்தை மனத்தில் வரைந்தால் போதும். வெள்ளைச் சிப்பாய் ஏ4-இல் இருந்தால் அந்தச் சதுரத்தின் மூலைகள் ஏ4, ஏ8, இ8, இ4. தன் முறையில் கறுப்பு ராஜா அதற்குள் கால் வைத்துவிட்டால் சிப்பாயைப் பிடித்துவிடும், இல்லையென்றால் பிடிக்காது. எஃப்5-இல் நிற்கும் ராஜா இ5-க்கு வந்து பிடித்துவிடும், ஜி6-இல் நிற்கும் ராஜாவால் முடியாது. சிப்பாய் தன் தொடக்க இடத்திலேயே இருந்தால், இரட்டை அடி வைக்கும் என்பதால், ஒரு கட்டம் முன்னால் இருப்பதாகக் கருதிச் சதுரத்தை வரைய வேண்டும்.

கடைசிப் பத்து விநாடிகள்

நேரம் முடிந்தால் தோல்வி என்று பொதுவாகச் சொன்னாலும், எதிராளியிடம் உள்ள காய்களால் எந்த வகையிலும் மேட் செய்ய முடியாது என்றால் அந்த ஆட்டம் டிரா. இந்த விதியிலிருந்து இரண்டு உத்திகள் பிறக்கின்றன. நம் நேரம் தீரப்போகிறது என்றால், மேட்டைத் தேடுவதை விட்டுவிட்டு எதிராளியின் கடைசிச் சிப்பாயை வெட்டிவிட வேண்டும். தனி ராஜாவுடன் நிற்பவரால் நேரத்தால் வெல்ல முடியாது. எதிராளியின் நேரம் தீரப்போகிறது என்றால், நம் கடைசிச் சிப்பாயை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும், அது ஒன்று இருந்தாலே நேர வெற்றி செல்லும். ஒற்றைக் குதிரையோ பிஷப்போ மட்டும் மிஞ்சும்போது தளத்துக்குத் தளம் வேறுபாடு உண்டு. ஃபிடே விதியிலும் லிசெஸ் தளத்திலும், எதிராளியின் காய்களே அடைத்து நிற்பதால் எப்படியாவது மேட் அமைய வாய்ப்பிருந்தால் நேர வெற்றி கிடைக்கும். செஸ்.காம் அதை டிராவாகவே கொள்கிறது.

நேரத்தால் வெல்வது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் ஏற்பதில்லை. இருவருக்கும் சமமாகத் தரப்பட்ட மூன்று நிமிடத்தில் ஒருவர் தம் பங்கை முதலிலேயே செலவழித்து நல்ல நிலையை வாங்கியிருந்தால், அதன் விலையைக் கடைசியில் கொடுப்பது நியாயமே. இது பிடிக்காதவருக்கு நகர்வுதோறும் விநாடி கூடும் ஆட்டமே ஏற்றது. அத்தகைய கடிகாரத்துக்குப் பாபி ஃபிஷர் 1980-களின் இறுதியில் காப்புரிமை பெற்றார். 1992-இல் அவருக்கும் ஸ்பாஸ்கிக்கும் நடந்த ஆட்டத்தொடரில் அது பயன்படுத்தப்பட்டது.

இணையத்தில் ஆடுவோர் ப்ரீமூவ் வசதியை, அதாவது எதிராளி ஆடும் முன்பே நம் பதிலைப் பதிந்து வைப்பதை, அறிந்து பயன்படுத்த வேண்டும். செஸ்.காமில் பல நகர்வுகளை வரிசையாகப் பதியலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும். லிசெஸில் ஒன்றை மட்டுமே பதியலாம், நேரம் கழியாது. எதிராளி எதை ஆடினாலும் நம் நகர்வு தீங்கில்லாமல் இருக்கும் இடத்தில் மட்டும் ப்ரீமூவ் செய்வது என்ற கட்டுப்பாடு வேண்டும். கட்டாயமாகத் திருப்பி வெட்டும் இடமும், தனி ராஜாவைத் துரத்தும் இடமும் அவ்வகையானவை. புல்லட்டில் ஜி6 ஆடி, அடுத்து பிஷப்பை ஜி7-இல் வைக்க ப்ரீமூவ் செய்பவர்கள் ஏராளம். வெள்ளை டி4 ஆடி, இரண்டாம் நகர்விலேயே பிஷப்பை எச்6-க்கு அனுப்பினால், ப்ரீமூவ் செய்தவரின் பிஷப் ஜி7-இல் வந்து தானே மாட்டிக்கொள்ளும். அதை வெட்டிய பிஷப் மூலையிலுள்ள யானையையும் தாக்கும். எதிராளி ப்ரீமூவ் செய்யாதிருந்தால் நம் பிஷப் வீணாகப் போகும் என்பதால் இது சூதாட்டமே, பழக்கம் தெரிந்த எதிராளியிடம் மட்டும் செய்யத்தக்கது. எதிராளி ப்ரீமூவை நம்பியே ஓடிக்கொண்டிருக்கும் கடைசி விநாடிகளில், அர்த்தமில்லாவிட்டாலும் ஒரு செக் வைப்பது பெரும்பாலும் பலன் தரும். அவர் பதிந்து வைத்த நகர்வு செல்லாமல் போய், அவர் புதிதாக யோசிக்க நேரும்.

பலகையில் நேருக்கு நேர் ஆடும்போது

இணையத்தில் பழகியவர்கள் நேரடிப் போட்டிக்குப் போகும்போது விதிகளால் தோற்பது வாடிக்கை. காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். கேஸ்லிங்கையும் வெட்டுதலையும் இரு கைகளால் செய்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறிய நகர்வுக்குச் சமமாகக் கொள்ளப்படும். கேஸ்லிங்கில் முதலில் ராஜாவைத் தொட வேண்டும், யானையை முதலில் தொட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய முடியாது. தட்டிவிட்ட காய்களை நம் நேரத்திலேயே நிமிர்த்தி வைக்க வேண்டும். பிளிட்ஸில் முதல் விதிமீறிய நகர்வுக்கு எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகத் தரப்படும், இரண்டாவதற்கு ஆட்டமே போய்விடும். எதிராளி தம் ராஜாவைச் செக்கில் விட்டுவிட்டு நகர்த்தினால், அந்த ராஜாவை வெட்டி வெற்றி கொண்டாடும் பழைய தெருப் பழக்கத்துக்கு விதியில் இடமில்லை. நாம் பதில் நகர்வு ஆடும் முன் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்க வேண்டும்.

சிப்பாயை ராணியாக்கும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. 2017 கனடா சாம்பியன்ஷிப்பின் டைபிரேக்கர் பிளிட்ஸ் ஆட்டத்தில் நிக்கோலாய் நோரிட்சினின் சிப்பாய் கடைசி வரிசையை எட்டியபோது, பக்கத்தில் ராணி கிடைக்காமல் அவர் ஒரு யானையைத் தலைகீழாக வைத்து அதை ராணி என்றார். நடுவர் அதை யானை என்றே தீர்ப்பளிக்க, ஆட்டமும் பட்டமும் கைநழுவின. தலைகீழாக நின்றாலும் யானை யானைதான். ராணி கைக்கெட்டாதபோது கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்டு வாங்குவதே முறை. சிப்பாய் ஓட்டம் தொடங்கும்போதே வெட்டுண்ட ராணி எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்து வைப்பது நல்லது.

பயிற்சி

லிசெஸின் பசில் ஸ்டார்ம், செஸ்.காமின் பசில் ரஷ் ஆகிய இரண்டும் சில நிமிடங்களில் முடிந்தவரை அதிகப் புதிர்களை விடுவிக்கச் சொல்பவை. ஃபோர்க் (ஒரே காயால் இரண்டைத் தாக்குவது), பின் (காயை அசைய முடியாமல் கட்டிப்போடுவது), கடைசி வரிசை மேட் போன்ற வடிவங்களைக் கண்டவுடன் அடையாளம் காண இவை உதவும். ஆட்டம் பழக 3+0-ஐவிட 3+2 அல்லது 5+3 ஏற்றது. நகர்வுதோறும் சில விநாடிகள் கிடைப்பதால் இறுதிக்கட்டத்தையும் முறையாக ஆடிப் பார்க்க முடிகிறது. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவது உத்தமம். கோபத்தில் ஆடும் நான்காவது ஆட்டத்தில் கை மட்டுமே ஆடும்.

ஆட்டம் முடிந்தபின் கணினியைக் கொண்டு எல்லா நகர்வுகளையும் அலச வேண்டிய அவசியமில்லை. தொடக்கத்தில் பழகிய பாதையிலிருந்து முதலில் விலகியது யார், எங்கே என்று பார்த்து, அடுத்த முறைக்கான ஒரு நகர்வைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, லிசெஸின் அலசல் பக்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து, அதில் உயர்ந்து நிற்கும் கோடுகளை மட்டும் பார்க்க வேண்டும். இருபது விநாடிக்கு மேல் யோசித்து ஆடிய நகர்வு, யோசிக்காமல் ஆடியிருக்கக்கூடிய நகர்வாகவே இருந்தால் அந்த நேரம் வீண். மோசமான தவறு நேர்ந்த நகர்வுக்கு இரண்டு விநாடியே செலவாகியிருந்தால், வீணான இருபது விநாடியில் பாதி போயிருக்க வேண்டிய இடம் அதுவே.